பூட்டன் வரி கட்டினான், பேத்தி பின் குத்துறா

பதினெட்டு முடிஞ்சதும் அந்தச் சங்கத்துல சேரப் போறியாமே கண்ணு? உங்கப்பன் போன்ல சொன்னான். சந்தோஷம். டாட்டர்ஸ் ஆஃப் த அமெரிக்கன் ரெவல்யூஷன்! வாய் நெறைய பேரு. இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்து நின்னவன் வம்சத்துப் பொண்ணுங்க மட்டும் சேர்ற சங்கம், அதுல நம்ம ஊட்டுப் பொண்ணும் ஒருத்தின்னா தாத்தனுக்குக் கசக்குமா? சேரு. சேர்றதுக்கு முன்னால கிழவன் சொல்றதைக் காதுல போட்டுக்க. கேட்டுட்டு உன் இஷ்டப்படியே செய். எப்படியும் அதைத்தான் செய்யப் போற.

உங்கம்மாவைப் பெத்தவங்க, நம்ம சம்பந்தியம்மா, அவங்க ஊர்ச் சங்கக் கிளைக்கு ரிஜிஸ்ட்ரார். நான் பென்சில்வேனியாவுல வந்து தங்கியிருந்தப்ப அவங்க ஊட்டுச் சாப்பாட்டு மேசையில சாப்பாட்டைப் பார்த்ததை விடக் காகிதத்தைப் பார்த்ததுதான் அதிகம். நீ இன்னார் மக, உங்கம்மா இன்னார் மகன்னு படிப்படியா ஏறி 1776-க்குப் போய்ச் சேரணும். ஒவ்வொரு படிக்கும் பொறந்ததுக்கு, கட்டிக்கிட்டதுக்கு, செத்ததுக்கு அத்தாட்சி. பைபிள் உள்பக்கத்துல பாட்டி கிறுக்கி வச்ச பேரு, உயிலு, கல்லறைக் கல்லு, பென்ஷன் மனு எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கறாங்க. தத்துப்பிள்ளை வழியெல்லாம் எடுபடாது, ரத்த வழி வேணும். வாஷிங்டனுக்கே சொந்தப் பிள்ளை கிடையாது. அதனால நாட்டைப் பெத்தவரோட நேர் வாரிசுன்னு சொல்லிக்கிட்டு அந்த வாசல்ல ஒருத்தியும் நுழைய முடியாது!

பென்ஷன் மனுன்னு சொன்னேனே, அதைக் கொஞ்சம் கேளு. 1832-ல ஒரு சட்டம் போட்டாங்க. சண்டையில இருந்தவங்க கோர்ட்டுல வந்து எந்தக் கேப்டனுக்குக் கீழ, எங்கெங்க, எத்தனை மாசம் இருந்தேன்னு சொல்லி சாட்சி வச்சா வருஷப் பணம். சண்டை முடிஞ்சு அம்பது வருஷம் ஆயிருந்துது. எழுபது எம்பது வயசுக் கிழவன், எதிர்ல பென்ஷன். ஞாபகம் எப்படி ஊறியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? சம்பந்தியம்மாகிட்ட இதைச் சொன்னேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்தாங்க. அதோட விட்டுட்டேன், காப்பி அவங்க கையில இல்ல இருந்துது.

உன் பூட்டனுக்கும் பூட்டன் துப்பாக்கி தூக்கினாரான்னு கேட்டேன். இல்லையாம். படைச் செலவுக்குன்னு பென்சில்வேனியாவுல போட்ட சப்ளை டாக்ஸைக் கட்டினாராம். அதுவும் தேசத் தொண்டுதான்னு சங்கத்து விதி சொல்லுது. படைக்கு மாடு குடுத்தவன், கோதுமை குடுத்தவன், புது ஆட்சிக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணினவன் எல்லாருக்கும் அந்தப் பேரேட்டுல இடம் இருக்கு. வரி கட்ட மாட்டோம்னு கிளம்பின சண்டையில, ஒழுங்கா வரி கட்டினதுக்காக ஒருத்தர் வீரர் ஆயிட்டார் பாரு! 1980-ல எம்.ஜி.ஆர். எங்க வேலையை ஒழிக்கற வரைக்கும் கர்ணமா ஒக்காந்து கிஸ்திக் கணக்கு எழுதினவன் நான். கட்டினவனை யாரும் வீரன்னு சொல்லிக் கேட்டதில்ல. எழுதின என்னைச் சொன்னதையெல்லாம் பொண்ணு உன்கிட்ட சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு நியாயம் இருக்கு கண்ணு. ராஜா ஜெயிச்சிருந்தா அந்த வரிப் பேரேடே குற்றப் பத்திரிகை ஆயிருக்கும். அது தெரிஞ்சும் கட்டினவரை நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன்.

கணக்கு ஒண்ணு போடு. ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருக்கிக்கிட்டே போனா எட்டாவது தலைமுறையில உனக்கு 256 பேர். அதுல பாதி, 128, நானும் உங்க ஆயாவும் கொண்டாந்தது. கடலூர்ப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில நின்னவங்க. மிச்ச 128-ல வரி கட்டினவர் ஒருத்தர். மத்த 127 பேர் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? ராஜா பக்கம் நின்னவங்க எத்தனை பேர், ரெண்டு படைக்கும் முட்டை வித்தவங்க எத்தனை பேர்? அவங்களுக்கெல்லாம் பின்னும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. அவங்க மூக்கும் முழியும் மட்டும் உன்கிட்ட இருக்கு.

இது கிழவன் குசும்புன்னு நெனைக்காத. உங்க பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் போட்ட கணக்கு. 1783-ல படை அதிகாரிங்க ஒரு சங்கம் வச்சு, அந்தப் பெருமை மூத்த மகன், அவன் மூத்த மகன்னு இறங்கிப் போகும்னாங்க. மறு வருஷம் அவர் தன் மகளுக்கு ஒரு கடுதாசி எழுதினார். ஒம்பது தலைமுறை போனா அந்த வீரனோட பங்கு 512-ல ஒண்ணுதான்னு கணக்குப் போட்டுக் காட்டினார். பெருமை கீழ இறங்கறதை விட மேல ஏறினாத்தான் பிரயோசனம், பிள்ளை நல்லது செஞ்சா பெத்தவங்களைக் கௌரவிக்கணும்னார். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சுது. அப்படிப் பார்த்தா நீ நல்ல காரியம் செஞ்சா பின் எனக்குத்தான். சீக்கிரம் செய், வயசாவுது.

பின்னுன்னதும் ஞாபகம் வருது. ஒரு கூட்டத்துக்கு சம்பந்தியம்மா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. இடது மார்ல ரிப்பன், அதுல ராட்டை. நம்ம காந்தி ராட்டைதான், ஆனா தங்க நிறத்துல, சுத்திப் பதிமூணு நட்சத்திரம். இங்கிலீஷ்காரன் துணி வேணாம்னு அந்தக் காலத்துப் பொம்பளைங்க நூத்ததுக்கு அடையாளம். இன்னொரு பூட்டனைக் காகிதத்தோட நிரூபிச்சா ரிப்பன்ல இன்னொரு பட்டை ஏறும். ஒரு பெரியம்மா மார்ல அத்தனை பட்டை, அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் நடந்தாங்க. கும்பிட்டாங்க, கொடிக்கு வணக்கம் சொன்னாங்க, வரவு செலவு படிச்சாங்க. அப்புறம் டீ. பூப்போட்ட பீங்கான்ல டீ! 1773 டிசம்பர்ல பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டித் தேயிலையைக் கடல்ல கொட்டினவங்க வாரிசுங்க. கொட்டினது யார் சரக்கு? நம்ம தலையில ஏறி ஒக்காந்த அதே கம்பெனியோடது. இதை நெனச்சு நான் சிரிச்சேன். எனக்கு முன்னாலயே கிராண்ட் வுட்னு ஒரு ஓவியர் சிரிச்சிருக்கார். அவர் செஞ்ச நினைவுச் சன்னல் ஜெர்மனியில தயாரானதுன்னு அவர் ஊர்ச் சங்கத்தம்மாங்க முகம் சுளிச்சாங்களாம். 1932-ல மூணு கிழவிங்களை வரைஞ்சார். ஒருத்தி கையில டீக் கோப்பை, பின்னால சுவத்துல வாஷிங்டன் ஆத்தைக் கடக்கற படம். அந்தச் சுவத்துப் படம், மூலம் ஜெர்மனியில உக்காந்து வரைஞ்சது!

உன் தாய்மாமன் ஆம்பளைங்க சங்கத்துல இருக்கார். முக்கோணத் தொப்பி, முழங்கால் வரைக்கும் கால்சட்டை, நீளத் துப்பாக்கி. ஜூலை வெயில்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஊர்வலம் போயிட்டு, அதே கோலத்துல காரை ஓட்டிக் கடைச் சன்னல்ல ஐஸ் காப்பி வாங்கினார். தொப்பி சன்னல்ல இடிச்சுது. சிரிக்காம நின்னதுக்கே எனக்கு ஒரு பட்டை குடுக்கலாம். அவங்க சங்கம் 1889-ல ஆரம்பிச்சது. பொம்பளைங்களுக்கு இடம் இல்லைன்னதும் மேரி லாக்வுட்னு ஒரு அம்மா, பொம்பளைங்க செஞ்சதெல்லாம் எங்கன்னு கேட்டு வாஷிங்டன் போஸ்ட்ல எழுதினாங்க. 1890 அக்டோபர்ல பொம்பளைங்க சங்கம் தனியா எழுந்துது. அதுவரைக்கும் எனக்கு முழுச் சம்மதம்.

வாய் கிழியப் பெருமை பேசக் கூடாதுன்னும் சொல்லி வைக்கறேன், ஏன்னா காகிதமும் எலும்பும் சில சமயம் காலை வாரும். மார்கரெட் கார்பின்னு ஒரு பொம்பள. 1776 நவம்பர்ல வாஷிங்டன் கோட்டைச் சண்டையில புருஷன் பீரங்கிப் பக்கத்துல செத்து விழுந்தான். அவ அந்த இடத்துல நின்னு சுட்டா, குண்டடி பட்டா. 1779-ல காங்கிரஸ் அவளுக்குப் பென்ஷன் குடுத்துது. 1926-ல நம்ம சங்கத்தம்மாங்க அவ குழியைத் தேடிக் கண்டுபிடிச்சு, எலும்பை எடுத்து, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லறையில மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. தொண்ணூறு வருஷம் மாலை போட்டாங்க. 2016-ல பக்கத்துல வேலை நடந்தப்ப அந்தக் குழி கலைஞ்சுது. எலும்பை ஆராய்ஞ்சு பார்த்தா அது ஒரு ஆம்பள! யாரோ எவனோ. உசிரோட இருந்தப்ப அவனுக்கு யாரும் ஒரு வணக்கம் வச்சிருக்க மாட்டாங்க. செத்தப்புறம் அத்தனை சல்யூட். மார்கரெட் எங்க கிடக்கறாளோ. இதைச் சொன்னா சம்பந்தியம்மா கோச்சுக்கல, அது ஆச்சரியம். "அதனாலதான் ஒவ்வொரு காகிதத்தையும் ரெண்டு தரம் பார்க்கறேன்"னாங்க.

ஒரு இடத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. வாஷிங்டன் நகரத்துல சங்கத்து மண்டபம் ஒண்ணு இருக்கு, கான்ஸ்டிட்யூஷன் ஹால். 1939-ல மரியன் ஆண்டர்சன்ங்கற கறுப்புப் பாடகிக்கு அதுல பாட இடம் குடுக்கல. ஜனாதிபதி பொஞ்சாதி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்தை விட்டே விலகிட்டாங்க. அந்த ஈஸ்டர் அன்னைக்கு லிங்கன் நினைவு மண்டபப் படியில ஆண்டர்சன் பாடினப்ப 75,000 பேர் கூடிக் கேட்டாங்க. கறுப்பினப் பொண்ணு ஒருத்தி சங்கத்துல உறுப்பினரா ஏறினது 1977-ல. அந்தச் சண்டையில கறுப்பரும் செவ்விந்தியரும் இருந்தாங்கன்னு தேடி, 6,600-க்கும் மேல பேரைத் தொகுத்துச் சங்கமே 2008-ல புத்தகம் போட்டுது. நல்லது, லேட்டானாலும் நல்லது. ஆனா உன் நெறம் என் நெறம் கண்ணு. முதல் நாள் அந்தப் படியேறும்போது 1939-ஐ நெனைச்சுக்கிட்டு ஏறு. சத்தமா ஏறு.

சரி, ஏன் சேருன்னு சொல்றேன்? கல்லறைக்காக. சிரிக்காத. ஒரு சனிக்கிழமை சங்கத்தம்மாங்களோட ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கம்பி பிரஷ் தொடக் கூடாது, பிளீச்சிங் கூடாது. முதல்ல கல்லைத் தண்ணியில நனைக்கணும். டி-2ன்னு ஒரு மருந்தைத் தெளிச்சு, கீழருந்து மேல மெத்துன்னு தேய்க்கணும். எழுத்துக்குள்ள இருக்கற பாசியை மூங்கில் குச்சியால நோண்டணும். பட்டை சுமந்த அந்தப் பெரியம்மா ஈர மண்ணுல மண்டி போட்டு ஒரு பேரை நோண்டிக்கிட்டிருந்தாங்க. உங்க பூட்டனாரான்னு கேட்டேன். "யாருன்னே தெரியாது, இவருக்கு வர்றதுக்கு யாரும் இல்ல"ன்னாங்க. நான் இன்னொரு குச்சி வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் உங்கப்பன். அவன் குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல ராட்டைப் பின் குத்தின ரெண்டு அம்மாங்க நின்னாங்க. எத்தியோப்பியாக்காரனுக்கும் வியட்நாம்காரிக்கும் நம்ம பிள்ளைக்கும் ஆளுக்கொரு சின்னக் கொடி, ஒரு பிஸ்கட்டு, கை குலுக்கல். 250 வருஷத்துக் காகிதம் வச்சிருக்கறவங்க, அன்னைக்குக் காலையில அமெரிக்கன் ஆனவனை வாசல்ல நின்னு வரவேற்கறாங்க. அந்த வேலைக்குப் பேரு குடு. டீ ஊத்தற கமிட்டியில மாட்டிக்காத.

போறதுக்கு முன்னால ஒரு விண்ணப்பம். உங்க ஆளுங்ககிட்ட 1781-ல யார்க்டவுன்ல தோத்த கார்ன்வாலிஸ் 1786-ல நம்ம தலைக்கு மேல கவர்னர் ஜெனரலா வந்தார். அங்க தோத்தவருக்கு இங்க சிலை, சென்னைக் கோட்டை மியூசியத்துல நிக்கறார், போய்ப் பாரு. அதுக்கும் முன்னால, பிரெஞ்சுக்காரன் உங்க கட்சியில சேர்ந்ததால சண்டை கடல் தாண்டி எங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சு. 1783 ஜூன் மாசம் கடலூருக்குள்ள பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியில இங்கிலீஷ் தளபதி ஸ்டூவர்ட், கடல்ல பிரெஞ்சு சஃப்ரெனும் இங்கிலீஷ் ஹியூஸும். ஐரோப்பாவுல ஜனவரியிலயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. சேதி கப்பல் ஏறி வர ஜூன் கடைசி ஆச்சு, அதுவரைக்கும் இங்க வெட்டிக்கிட்டுச் செத்தாங்க. உங்க புரட்சிப் போரோட கடைசிச் சண்டை அதுதான்னு சரித்திரக்காரங்க எழுதறாங்க. என் பக்கத்து 128 பேர் அப்ப அங்கதான் இருந்தாங்க. பிரெஞ்சு முகாமுக்கு எங்க மாடு ஒண்ணாவது போகாமலா இருந்திருக்கும்? குடுத்ததோ, புடுங்கினதோ. படைக்கு மாடு குடுத்தவனும் தேசத் தொண்டன்னா, எங்க பூட்டன் பேருக்கும் ஒரு பட்டை கிடைக்குமான்னு சம்பந்தியம்மாகிட்ட கேளு.

அத்தாட்சி கேட்பாங்க. என் பொறந்த தேதிக்கே அத்தாட்சி கிடையாது. கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடுடான்னார் ஹெட்மாஸ்டர், தொட்டேன், ஜூன் 1-ன்னு எழுதிட்டார். அந்த ஒரு படியை மட்டும் சம்பந்தியம்மா கண்டும் காணாம விட்டாங்கன்னா மேல இருக்கற படியெல்லாம் நான் பார்த்துக்கறேன். கர்ணம் வேலை போனாலும் மைக்கூடு இன்னும் பரண்லதான் கிடக்குது.