எந்த வருசத்துக் கணக்குலே கேக்கே?

ஏலே பேராண்டி, போகியும் அதுவுமா காப்புக் கட்டணும், ஆவாரங்கொத்தும் கண்ணுப்பீளையும் வேப்பங்குழையும் பறிச்சுட்டு வாலேன்னு உங்க ஆச்சி தொண்டை வறளக் கத்துதா. நீ என்னடான்னா திண்ணையில சம்மணம் போட்டு, மடியில டைரியை விரிச்சு, '2023: ஏற்றங்கள், இறக்கங்கள்'னு எழுதி நடுவுல ஒரு கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கே. நல்ல கோடுதான். ஸ்கேல் வச்சுக் கிழிச்சியோ? எங்க காட்டு வரப்பு இம்புட்டு நேரா இருந்திருந்தா, பக்கத்துப் புஞ்சைக்காரனுக்கும் எனக்கும் இன்னைக்குப் பேச்சுவார்த்தை இருந்திருக்கும்.

அடுத்தவன் டைரியை எட்டிப் பாக்கக் கூடாதுதான். ஆனா கொட்டை கொட்டையா எழுதித் திண்ணையில விரிச்சு வச்சா கெழவன் கண்ணை எங்க கொண்டு போவான்? இடது பக்கம் ஏற்றம். மூணே வரி. அதுல ஒண்ணு செல்போன் மாத்துனது. வலது பக்கம் இறக்கம். அது பக்கம் பத்தாம ஓரத்துல ஏறி, அம்புக்குறி போட்டு, அடுத்த தாளுக்குத் தாண்டிருச்சு. முன்பக்கத்தையும் புரட்டிப் பாத்தேன், கோவிச்சுக்காத. ஜனவரி ஒண்ணாந்தேதி, 'அதிகாலை 5 மணிக்கு எந்திரிக்கணும்'னு எழுதி அடியில ரெண்டு கோடு. ரெண்டு நாள் தள்ளி, 'ஐந்தரைக்காவது'. பொங்கலுக்குப் பொறவு வெறுந்தாளு. மார்ச்சுல ஒரு எடத்துல மட்டும் கேஸ் சிலிண்டர் மாட்டுன தேதி இருக்கு. என்னைக் கேட்டா இந்த டைரியிலயே உருப்படியான தாக்கல் அது ஒண்ணுதான்.

சரி, மொத இறக்கத்துக்கு வா. 'ஏப்ரல் முதல் பெஞ்ச்'. உங்க அப்பன் போன்ல இதைச் சொல்லி மூக்கை உறிஞ்சுனப்ப எனக்கு ஒரு எழவும் விளங்கலை. பள்ளிக்கூடத்துல நாங்களும் பெஞ்சு மேல ஏறி நின்னிருக்கோம். அதுக்கு ஒருத்தனும் சம்பளம் தந்ததில்லை. பொறவு வெவரம் கேட்டேன். கம்பெனிக்காரன் கையில இப்போதைக்கு வேலை இல்லை, வார வரைக்கும் சும்மா இரு, சம்பளம் மாசம் பொறந்தா வந்துரும், இதானே? ஏலே, எங்க பக்கம் இதுக்குப் பேரு ஜமீன். எட்டயபுரத்துல ஒரே ஒருத்தருதான் அப்படி இருந்தாரு. அதையும் 1948-ல சட்டம் போட்டுப் புடுங்கிட்டாங்க.

சிரிக்காத, உன் வயித்துல புளியைக் கரைச்சது எனக்கும் தெரியும். ரொம்ப நாள் பெஞ்சுல இருந்தா வீட்டுக்கு அனுப்பிருவான். பெரிய பெரிய கம்பெனிகளே ஆயிரக்கணக்குல ஆளைக் கழிச்சுவிட்டதை நானும் டீக்கடை பேப்பர்ல பாத்தேன். உன்னை அனுப்பலையே. ஆகஸ்டுல வேற வேலை குடுத்துட்டானே. அதை எப்படி எழுதியிருக்கே? 'என் திறமையால் புதிய பொறுப்பு'. அடி சக்கை! ஏறுனா உன் திறமை, இறங்குனா மானேஜர் சதி. ஆக அந்த மானேஜர் ஏப்ரல்ல மட்டும் ஆபீசுக்கு வாராரு, ஆகஸ்டுல லீவு போட்டுருதாரு.

அடுத்தது சொந்த விசயம், நான் வாயைத் தொறக்கக் கூடாது. பொண்ணு வீட்டுல யோசிச்சுச் சொல்லுதோம்னாங்க, சொல்லவே இல்லை. கொட்டை எழுத்துல இறக்கம்னு போட்டுருக்கே. இருக்கட்டும். அந்தப் புள்ளையும் எங்கயோ ஒரு டைரி வச்சிருக்கும்ல? அது உன்னை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு. வேண்டாம், யோசிக்காத. நல்ல நாளு.

உங்க அம்மா இந்தப் பாரத்தையெல்லாம் சனி பகவான் தலையில இறக்கி வைக்கப் பாக்கா. மகர ராசி, ஏழரை, அதான் இம்புட்டும்கா. சரி, சனிகிட்டயே கேப்போம். திருக்கணிதப் பஞ்சாங்கத்துப்படி அவரு 2023 ஜனவரி 17-ந் தேதியே மகரத்தைக் காலி பண்ணிட்டுக் கும்பத்துக்குப் போயிட்டாரு. வாக்கியப் பஞ்சாங்கத்துப்படி டிசம்பர் 20-ந் தேதிதான் கெளம்புதாரு. திருநள்ளாத்துல கூட்டம் முண்டுனது அன்னைக்குத்தான். இடையில பதினோரு மாசம் மனுசன் எந்த வீட்டுல இருந்தாருன்னு ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒத்துப் போகலை. எனக்கென்னமோ அவரும் பெஞ்சுலதான் இருந்திருப்பாருன்னு தோணுது. அப்படி இருக்கிற ஆளு மெனக்கெட்டு மெட்ராசுக்கு ரயிலேறி வந்து, வேளச்சேரியில உன் வீட்டைத் தேடிப் பிடிச்சு, காரை முக்கிட்டுப் போவாராக்கும்?

காரை முக்குனது டிசம்பர் 4-ந் தேதி வந்த மிக்ஜாம் புயல். சதுப்புக்கும் ஏரிக்கும் தண்ணி போற வழியில மாடி மாடியா எழுப்பி, அதுக்கும் அடியில பள்ளம் தோண்டிக் காரை நிறுத்தி வச்சா, தண்ணி எங்க போகும்? நீ எழுதியிருக்கே, 'எனக்கு மட்டும் ஏன்?'னு. உன் அபார்ட்மெண்டுல அன்னைக்கு எத்தனை கார் முங்கிச்சுன்னு நீயே போன்ல எண்ணி எண்ணிச் சொன்னியேடா. அத்தனை பேரும் மகர ராசியா?

விளையாட்டு போகட்டும். இந்த ஒண்ணை மட்டும் காதுல வாங்கு. நம்ம சீமையில டிசம்பர் கடைசியில உக்காந்து வருசத்தை எடை போடுறவன் வெவரம் கெட்டவன். வெள்ளைக்காரன் நாட்டுல அப்ப பனி கொட்டும், கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்து யோசிக்கலாம். நமக்கு அக்டோபர்ல புடிக்கிற அடைமழை டிசம்பர்ல போயித்தான் ஓயும், போற போக்குல கூரையையும் கொண்டு போகும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 ராத்திரி. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30. மறுநாள் விட்டு மறுநாள் புது வருசம், பலா மரமும் முந்திரி மரமும் வேரோட கெடக்கு, எவன் வாயில ஹேப்பி வரும்? மெட்ராஸ் முங்குனது 2015 டிசம்பர். வர்தா புயல் 2016 டிசம்பர். இப்ப நம்ம முறை. டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம விளாத்திகுளம் காட்டுல வருசம் பூராப் பேஞ்சாலும் அம்புட்டு வராது. வீட்டுக்குள்ள கரண்டைக்கால் தண்ணியில நிக்கிறவன்கிட்ட போய் 'அண்ணாச்சி, இந்த வருசம் எப்படி?'ன்னு கேட்டா, அவன் வருசத்தையா சொல்லுவான்? தண்ணியைத்தான் சொல்லுவான். அதே ஆளை மாசி மாசம் களத்துல, கையில காசு பொரளுத நேரத்துல கேளு.

அந்த வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சே, ஞாவகம் இருக்கா? கிட்டத்தட்ட 800 பேரு, ரெண்டு நாளு, தண்டவாளத்துக்கு அடியில மண்ணே இல்லை. பக்கத்து ஊர்க்காரங்க கையில இருந்த அரிசி பருப்பை வச்சுப் பொங்கிப் போட்டாங்க. அந்தச் சோத்தைத் தின்னவங்க அந்த ரெண்டு நாளைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியலை. பொங்கிப் போட்டவங்க டைரி வாங்கியிருக்க மாட்டாங்க.

கடைசியில நடந்ததை வச்சு மொத்தத்தையும் எடை போடுற சீக்கு உனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே இருக்கு. நவம்பர் 19-ந் தேதி அகமதாபாத்துல உலகக் கோப்பை கிரிக்கெட் கடைசி ஆட்டத்துல நம்ம ஆளுங்க ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட தோத்தாங்கல்ல, அன்னைக்கு ராத்திரி நீ போன் பண்ணிச் சோறு இறங்கலைன்னே. வரிசையா பத்து ஆட்டம் ஜெயிச்சானேலே, அந்தப் பத்து ராத்திரியும் ரெண்டாஞ்சோறு வாங்கித் தின்னியே, அதெல்லாம் எங்க போச்சு? நம்ம பிரக்ஞானந்தாவைப் பாரு. ஆகஸ்டுல பாகு ஊர்ல உலகக் கோப்பை செஸ்ஸு. கடைசி ஆட்டத்துல கார்ல்சன்கிட்ட தோத்துட்டுத்தான் வந்தான். பதினெட்டு வயசுப் பையன். மெட்ராஸ்ல மேளதாளத்தோட கூப்பிட்டாங்க. அவனுக்கும் உன்னை மாதிரி ஒரு கோடு போட்ட டைரி குடுத்திருந்தா, பாவம், எந்தப் பக்கம்னு தெரியாம மூடி வச்சிருப்பான்.

என் கணக்கைக் கேக்கியா? கேக்க மாட்டே, நானே சொல்லுதேன். ஆடியில தக்காளி கிலோ 200 ரூவாயத் தொட்டுச்சுல்ல, அப்ப குளிக்கிற தண்ணி போற ஓரத்துல தானா மொளைச்ச நாலு செடி குலை குலையாக் காய்ச்சுச்சு. நான் அதுக்கு ஒரு கை தண்ணி ஊத்துனதில்லை. ஆனாலும் ரெண்டு மாசம் இந்தத் தெருவுல எனக்கிருந்த மரியாதை இருக்கே, பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. செப்டம்பர்ல உங்க ஆச்சி செல்போன்ல 'டிங்'னு அடிச்சு மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ஏறுச்சு. அன்னையில இருந்து வெத்திலைக்குக் காசு கேட்டா 'எதுக்கு?'ன்னு கேக்கா. இது அவளுக்கு ஏற்றம். எனக்கு என்னன்னு நீயே எழுதிக்கோ.

புரட்டாசியில உளுந்து போட்டேன். இன்னும் பத்து நாள்ல செடி புடுங்கணும், அந்த நேரத்துல அடிச்சுச்சு அந்த மழை. தண்ணி வடிஞ்சு காட்டுக்குள்ள போயி ஒரு நெத்தை உரிச்சேன். உள்ள ஆறு மணி. ஆறும் தொலி வெடிச்சு, வெள்ளையா வால் விட்டு, செடியில தொங்கிக்கிட்டே மொளைச்சிருக்கு. வெதைச்சது நான், மொளைச்சதும் நல்லாத்தான் மொளைச்சிருக்கு, மொளைச்ச எடந்தான் சரியில்லை. அந்தக் காட்டுல நான் ரொம்ப நேரம் நிக்கலை. மக்காச்சோளத்துல மழை விட்டு வச்சதைக் காட்டுப்பன்னி வந்து பாத்துக்கிச்சு. ஆனா அதே மழையிலதான் கம்மாய் நெறைஞ்சு மறுகால் போச்சு. ஆடு மாட்டுக்குச் சித்திரை வரைக்கும் தண்ணிக் கவலை இல்லை, கெணத்துல கை எட்டுத தூரத்துல தண்ணி கெடக்கு. ஒரே மழைலே. உன் கோட்டுக்கு இந்தப் பக்கமா எழுத, அந்தப் பக்கமா எழுத?

உனக்குக் கட்டாயம் கணக்கு எழுதித்தான் ஆகணும்னா, கெழவன் ஒரு வித்தை சொல்லித் தாரேன், வெளிய சொல்லாத. வருசம்னு உலகத்துல ஒண்ணா இருக்கு? டிசம்பர்ல உனக்கு நஷ்டமா, விடு, சர்க்காரே மார்ச்சு 31-லதான் கணக்கு முடிக்கான். அதுலயும் தேறலையா, சோபகிருது வருசம் சித்திரை வரைக்கும் ஓடுது. பேரே மங்களமான பேரு. அங்கயும் உதைக்குதா, வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போ, அவரு அடங்கல்ல இப்ப பசலி 1433. ஜூலையில தொடங்குனது, வார ஜூன் வரைக்கும் அதுதான். இன்னும் வேணும்னா நம்ம தெக்கத்திச் சீமைக்குன்னே கொல்லம் இருக்கு, 1199, ஆவணியில பொறந்தது. நீ பெஞ்சுல உக்காந்தது ஏப்ரல். வேலை கெடைச்சது ஆகஸ்டு. பசலியில எழுது, பெஞ்சுல உக்காந்த மாசத்துல பாதிக்கு மேல போன வருசத்துக்கு ஓடிரும். கொல்லத்துல எழுது, பெஞ்சே இருக்காது. கார் மட்டும் எதுல எழுதுனாலும் முங்கத்தான் செய்யும். அதுக்குத்தான் இன்சூரன்ஸ்காரன் துட்டு தந்துட்டான்ல.

எங்க ஆளுங்க இப்படி அஞ்சாறு வருசத்தை ஒண்ணாக் கட்டி மேய்ச்சதுல சூட்சுமம் இருக்கு பேராண்டி. கடன்காரன் பொங்கலுக்கு வந்தா, 'சித்திரை பொறக்கட்டும்'னு சொல்லலாம். சித்திரையில வந்தா, 'ஆடி பதினெட்டு கழியட்டும்'னு சொல்லலாம். வசூலுக்குப் போகையில மட்டும் எது முந்தி முடியுதோ அந்த வருசத்தை எடுத்துக்கிடணும்.

வசூல்னதும் ஞாவகம் வருது. போன பொங்கலுக்கு நீ வந்தப்ப, பன்னி வெரட்டப் போகையில நெத்தியில மாட்டுத லைட்டு ஒண்ணு 'இந்த வருசத்துக்குள்ள வாங்கித் தாரேன் தாத்தா'ன்னு சொன்னே. உங்க ஆச்சி சாட்சி. '2023-தான் முடிஞ்சு போச்சே'ன்னு நழுவப் பாக்காத. சித்திரைக்கு முழுசா மூணு மாசம் கெடக்கு. தோதுப்படலையா, ஜூன் கடைசி வரைக்கும் பசலியில தவணை தாரேன். ரொம்ப முடைன்னா கொல்லத்துல ஆடி வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல எனக்கும் பன்னிக்கும் பஞ்சாங்கம் கெடையாது. வாங்குததும் வாங்குதே, சார்ஜ் ஏத்துத மாதிரி பாத்து வாங்கு. பேட்டரிக்கட்டை போடுதது வேண்டாம்; அந்தக் கட்டைக்கு உன் பின்னாலயே இன்னொரு வருசம் நடக்கணும்.