பந்து உருட்டும் தேனீ

கேள்வி: குளிர்நாட்டுப் பம்பிள் தேனீ நாள் முழுக்க வேலைதான் செய்யுமா? அதற்கு விளையாடத் தெரியாதா?

பதில்: தெரியும், அதுவும் பந்து விளையாட! லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேனீக்கள் தீனிக்குப் போகும் வழியோரம் சின்னஞ்சிறு மரப் பந்துகளை வைத்தார்கள். உருட்டினால் பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் தேனீக்கள் வழியை விட்டு விலகி வந்து, பந்தைக் கால்களால் கட்டிப்பிடித்து உருட்டின. ஒரு தேனீ 117 முறை உருட்டியது! வயதானவற்றைவிட இளசுகளே அதிகம் உருட்டின. இந்த ஆய்வு 2022இல் வெளியானது.

அம்மா ராணிக்கு விளையாட ஏது நேரம்? குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியே உறங்குவாள். வசந்தத்தில் எழுந்து, பெரும்பாலும் எலி காலிசெய்த வளையில் குடியேறுவாள். மெழுகில் குட்டிச் சாடி செய்து, தேன் நிரப்பி, பக்கத்தில் வைத்துக்கொண்டு கோழிபோல அடைகாப்பாள். சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளை நடுங்கவைத்து உடம்பைச் சூடாக்குவாள்.

தக்காளிப் பூவைப் பிடித்து அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதும் அதே தசைகள்தான். அதனால்தான் ஐரோப்பாவின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்ப்பவர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பம்பிள் தேனீக் கூடுகளைப் பெட்டியோடு விலைக்கு வாங்கி வைக்கிறார்கள்.