மெல்லிசைக் குழு அமைத்தல்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

1. வரையறை

மெல்லிசைக் குழு என்பது கீபோர்டு, கிதார், டிரம்ஸ், ஆக்டோபேட், பாடகர், பாடகி முதலிய உறுப்புகளால் ஆகி, ஒரே நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பது. "ஏறத்தாழ" என்றதனால் டிரம்மர் தனியே ஒரு தட்டு தட்டி முடித்தலும் கொள்ளப்படும். ஆய்வுக் களங்கள் இரண்டு: ஆடி மாதத்து அம்மன் கோயில் மேடை, கல்யாண மண்டப வரவேற்பு. முன்னதில் கேட்போர் விசிலடிப்பர். பின்னதில் கேட்போர் பந்தியில் இருப்பர்.

2. தோற்றவியல்

குழு பிறக்கும் வழி மூன்று.

ஒன்று, உடன்பிறத்தல். பாவலர் வரதராஜனும் தம்பிமார் பாஸ்கர், ராஜா, அமரனும் சேர்ந்து பாவலர் பிரதர்ஸாகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியது இவ்வகை. இவர்களுக்கு வீடும் ஒன்று, மேடையின் நோக்கமும் ஒன்று.

இரண்டு, உடன்பிறந்ததாகப் பெயர் வைத்துக்கொள்ளல். ஆலத்தூர் சகோதரர்கள் என்று கர்நாடக இசையுலகம் கொண்டாடிய ஸ்ரீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உண்மையில் சகோதரர்கள் அல்லர். கூடப் பிறந்தவர்கள் பலர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் உலகில் இவ்வகையே பாதுகாப்பானது என்பது எம் துணிபு.

மூன்று, திருவிழாவில் எதிர்ப்படல். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்ட்டன் பகுதியில், தேவாலயத் திருவிழாவில் பதினாறு வயது ஜான் லெனானைப் பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி கண்டார். அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் பொழிலில் எதிர்ப்படுவர். இங்கே தோழிக்குப் பதில் கிதார்.

3. சுருதிப் பொருத்தம்

குழுக்கள் உடைவது சுருதி சேராமையால் என்பார் கூற்று பொருந்தாது. ஆண் குரல் ஒரு கட்டையிலும் பெண் குரல் ஐந்து கட்டையிலும் வசதியாக இருக்க, டூயட் இரண்டுக்கும் நடுவே எங்கோ தொங்குவது உண்மைதான். ஒத்திகையில் பாடகி, "அண்ணா, அரைக் கட்டை இறக்குங்க, மேல போகல" என்கிறார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுகிறார். கிதார்க்காரர் கேப்போவைக் கழற்றி ஒரு கட்டம் கீழே மாட்டுகிறார். புல்லாங்குழல்காரர் மட்டும் கையிலிருந்த குழலை வைத்துவிட்டு, நீளப் பையின் ஜிப்பைத் திறந்து, வரிசையாகக் கிடக்கும் குழல்களில் ஒன்றை உருவி, ஊதிப் பார்த்துத் தலையாட்டுகிறார். ஒரு டீ ஆறுவதற்குள் சிக்கல் தீர்ந்தது. பொத்தானால் தீரும் சிக்கலுக்கு ஆய்வு வேண்டா.

4. நோக்கப் பொருத்தம்

பொத்தான் இல்லாத சிக்கல் இதுவே. மொட்டை மாடியில் முதல் கூட்டம். "நல்ல மியூசிக் பண்ணணும் மச்சி" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் ஒப்புகின்றனர். கீபோர்டுக்காரர் மனத்தில் சினிமா வாய்ப்பு. கிதார்க்காரர் மனத்தில் சொந்தப் பாட்டு. பாடகர் மனத்தில் எஸ்.பி.பி. பாட்டு அத்தனையும் தமக்கே. டிரம்மர் மனத்தில் சோலோ. புக்கிங் பார்ப்பவர் மனத்தில் மண்டபத்துக்காரர் தரவேண்டிய பாக்கி. இரண்டாம் மாதம், "அந்த ரெண்டாவது பி.ஜி.எம்.ல எனக்கு ஒரு லீடு குடு" என்ற கோரிக்கை எழுகிறது. பின்வருவது யாம் யாத்த நூற்பா:

மேளம் முதலாக் கருவி யாவும்
சோலோ வேண்டிற் குழுவென மொழியார்.

இதற்கு மறுப்பு: பெரிய ஆசை உடையோர் கூடி வாசித்ததே இல்லையா? உண்டு. 1960களில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய குழுவில் முன்சொன்ன பாவலர் பிரதர்ஸின் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் இருந்தனர். ஆகவே ஆசை குற்றமன்று. எல்லா ஆசையும் ஒரே பாட்டின் ஒரே இடைவெளியில் வந்து நிற்பதே குற்றம்.

5. தேற்றம்

நாதஸ்வரச் செட்டை நோக்குக. நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்கிறார். தவில்காரர் தனியில் வெளுத்து வாங்குகிறார். ஓரமாக நின்று ஒத்து ஊதுபவருக்கு விரல் வேலை இல்லை. ஒரே சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, அறுபடாமல் ஊதவேண்டும். அவர் நிறுத்தினால்தான் அவர் இருந்ததே ஊருக்குத் தெரியும்.

முன்சொன்ன லெனான், மெக்கார்ட்னி குழுவிலும் இதே கதை. 1961இல் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிதார்க்காரர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகினார். முன்னே நின்று பாடும் மெக்கார்ட்னி பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டார். குழு பிழைத்தது.

எனவே தேற்றம்: யாரும் கேட்டு வாங்காத வாத்தியத்தை எடுக்க ஓர் ஆள் அமைவதே குழு அமைவது. தமிழ் மேடை இதற்கு மாற்று கண்டுபிடித்திருக்கிறது. ஒத்துக்குச் சுருதிப் பெட்டி, தம்புராவுக்கு எலக்ட்ரானிக் தம்புரா, பேஸுக்குக் கீபோர்டுக்காரரின் இடக்கை. மூன்றுக்கும் தனிப் பேட்டா இல்லை. பேட்டா மிச்சம், ஆனால், "விடுங்கப்பா, நான் பேஸ் வாசிக்கிறேன்" என்று சண்டையை முடித்துவைத்த ஆளும் அதோடு போனார்.

6. பரிந்துரை

ஆள் சேர்ப்போர் "உங்க லட்சியம் என்ன?" என்று கேட்கவேண்டா, எல்லாரும் இசை என்றே சொல்வர். "மூணு பாட்டுக்கு சும்மா ரிதம் மட்டும் போடுவீங்களா?" என்று கேட்க. முகம் சுளிக்காமல் தலையாட்டுபவரை அன்றே அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவைக்க. நடைமுறை இடர் ஒன்றுண்டு: அப்படிப்பட்டவர் ஏற்கெனவே ஊரிலுள்ள எல்லாக் குழுக்களிலும் வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய தேதியைக் கேட்டுவிட்டு முகூர்த்தம் குறிக்கவும்.