புறப்புண்

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். எனக்குப் பட்டதும் புறப்புண்தான், கெண்டைக்காலின் பின்பக்கம். கரிகாலனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனைவி ஓட்டிவந்த வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று காய்கறிப் பையை இறக்கியபோது சைலன்சர் சுட்டுவிட்டது. வடக்கிருக்கவும் வழியில்லை. வீட்டில் வடக்குப் பக்கம் மோட்டார் ரூம்.

எங்கள் ஊர் திருவேங்கடத்தில் காயம் யார் காலில் இருந்தாலும் தெருவுக்குச் சொந்தம். பல்பசை, காப்பித்தூள், தோசை மாவு எல்லாம் வந்து சேர்ந்தன. எதிர்வீட்டு அண்ணாச்சி வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிக்கொண்டே வந்து, "நம்ம பாட்டன் மூலிகைவே" என்றார். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வரப்பில் குடியேறிய செடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாறு பட்ட எரிச்சலில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

அத்தை மஞ்சளோடு வந்தார். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் அரசின் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளையெல்லாம் காட்டி ஆட்சேபித்த பிறகு, 1997-ல் ரத்தானது. அத்தையைச் சாட்சிக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கடைசியாக வந்த நர்ஸம்மா ஒரே பார்வையில் எல்லோரையும் வெளியே அனுப்பினார். "சுட்ட உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காலைக் காட்டணும். பல்பசை பல்லுக்கு." கொப்புளத்தை உடைக்கக் கூடாது, கழுவி, வாசலின் தடவி, மூடிவைக்க வேண்டும் என்று உத்தரவு. புண்ணுக்குக் காற்றுப் படணும் என்பதல்லவா எங்கள் தெருவின் வேதம்! ஈரம் காயாமல் மூடிவைத்த புண்ணில் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் தோல் மூடுகிறது என்று 1962-லேயே ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளை வைத்துக் காட்டிவிட்டார் என்று வீட்டில் விளக்கினேன். மனைவி பன்றியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

அத்தை விடவில்லை. புற்றுமண்ணோடு திரும்பி வந்தார். தோல் நோய்க்குச் சங்கரன்கோவில் புற்றுமண் பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். திறந்த புண்ணில் எந்த மண்ணும் ஆகாது, டெட்டனஸ் வரும் என்றேன். சற்று யோசித்தவர், அதை எடுத்து என் நெற்றியில் பூசினார். "கோளாறு இங்கதான இருக்கு, மாப்ளே."

இப்போது புண் ஆறி, புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு. தழும்புத் தோல் எத்தனை வருஷமானாலும் பழைய தோலின் பலத்தில் எண்பது சதவீதத்தைத் தாண்டாதாம். வீட்டில் என் செல்வாக்கு அந்த அளவுக்குக்கூட இல்லை. சிலிகோன் ஜெல் தடவி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், பட்டால் இன்னும் கறுக்கும். அதனால் வேட்டியை மடித்துக் கட்டத் தடை. கரிசக்காட்டு வெயிலில் கணுக்கால்வரை இறக்கிவிட்டு நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் எல்லாம் தங்களுக்குத்தான் இந்த மரியாதை என்று கும்பிடுகிறார்கள். டீக்கடையில் நேற்றுக் கேட்டேவிட்டார்கள்: "என்ன அண்ணாச்சி, எலெக்சன்ல நிக்கியளா?"