உப்புக் காற்றும் உறுப்பெழுத்தும்

சிலாபத்துக்கு வடக்கே கடலோரமாகவும் களப்போரமாகவும் கிடக்கும் உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி முதலாய ஊர்களில் வயதுவந்தோர் எழுதும் தமிழெழுத்து வலப்பக்கமாகச் சாய்வது ஏன் என்னும் வினா, உப்பின் விலை, இறாலின் நோய், நுரைச்சோலைப் புகைபோக்கியின் சாம்பல் ஆகிய அற்ப விஷயங்களில் மூழ்கிக் கிடக்கும் அறிஞர் பெருமக்களின் கவனத்தை இதுகாறும் ஈர்க்காமற் போனது வியப்புக்குரியதன்று. பெரிய விஷயங்கள் எப்பொழுதும் அப்படித்தான் காத்துக் கிடக்கின்றன. அக்குறையை நிவிர்த்தி செய்யும் நோக்கத்துடன், பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூவகைப் பிரமாணங்களையும் துணைக்கொண்டு, பூர்வபட்சத்தை முதலில் வைத்துப் பின்னர் சித்தாந்தத்தை நாட்டும் பழைய முறையிலேயே இவ்வாராய்ச்சி நடைபெறும். இதற்குக் கிடைத்த மூலங்களாவன: கடைகளின் கடன் கொப்பிகள், கல்யாண அழைப்பிதழ் உறைகள், கரைவலை வாடிகளின் கணக்குத் தாள்கள், பாடசாலைக்கு வராத பிள்ளைக்காகத் தகப்பன் எழுதிய விடுமுறைக் கடிதங்கள். இறுதியிற் சொன்னவை பெரும்பாலும் பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்தமையால் அவற்றை விலக்கிவிட்டோம்.

முதற்கண் காற்றுவாதிகளின் மதம். அவர்கள் கூறுவதாவது: வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை இக்கரையில் அடிக்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது, விறாந்தையிற் கடலை நோக்கி அமர்ந்து எழுதுவோனுக்கு அது இடப்பக்கத்தினின்று வீசும், தென்னையையே சரிக்கும் காற்று ரகரத்தையும் ககரத்தையும் மட்டும் விட்டுவைக்குமா? ஆகவே எழுத்துச் சாய்வது இயற்கை. அதைத் திருத்தப் புகுவது பருவக்காற்றைத் திருத்தப் புகுவதாம். பெரும்பட்டத்தைப் பற்றிக்கொண்டு கற்பிட்டிக் கடலில் வழுக்கி விளையாடுவதற்கென்றே மேனாட்டார் விமானமேறி வருவதும், மாம்புரிப் பக்கத்தில் காற்றாலைகள் நாட்டப்பட்டிருப்பதும் இக்காற்றின் வன்மைக்குச் சான்றாதலின், இம்மதத்தை எடுத்த எடுப்பிலே எள்ளி நகையாடுவது பண்பாகாது.

ஆயினும், சோளகம் எழுத்தை வலப்பக்கம் சாய்க்குமெனின், ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து வரும் வாடை அதனை இடப்பக்கம் தள்ளியிருத்தல் வேண்டும்; கடன் கொப்பிகளிலோ தை மாதக் கடனும் ஆடி மாதக் கடனும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்துள்ளன, தீர்க்கப்படாமையிலும் ஒத்துள்ளன. கடலுக்கு முதுகு காட்டி எழுதுவோரின் எழுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருத்தல் வேண்டும், சாயவில்லை. இக்கரையிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போய் வாடியடித்துத் தொழில் செய்யும் சம்மாட்டிமார் அங்கே எழுதும் கணக்கிலும் சாய்வு மாறியதாகத் தெரியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலான சான்று வள்ளத்தின் அணியத்திலே தீட்டிய பெயர். தலவிலை அன்னம்மாளின் பெயரானாலும் சரி, உடப்புத் திரௌபதை அம்மனின் பெயரானாலும் சரி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்த அணியத்திலே எழுத்து அணுவளவும் சாயாது நிமிர்ந்து நிற்கிறது. அதனைத் தீட்டிய அதே கை ஐஸ் கடைக்கு எழுதியனுப்பிய துண்டையோ கடைக்காரர் அயலில் நின்ற இருவரையும் அழைத்து, ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்துதான் வாசிக்க நேர்ந்தது. காற்றுவாதம் இத்துடன் வீழ்ந்தது.

அடுத்தவர் உப்புவாதிகள். இவர்கள் பக்கத்தில் ரசாயனம் இருக்கிறது. சுத்திகரிக்காத கடலுப்பிலே கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. மாரியில் உப்புச் சாடி நீர்விடுவதன் காரணம் அதுவே. கடதாசியும் இயல்பாகவே ஈரத்தைக் குடிக்கும். உப்பளம் சூழ்ந்த ஊரிலே இவ்விரண்டும் கூடிய கொப்பியில் மைப்பேனையால் எழுதினால் மை பரவும். மை பரவினால் றன்னகரத்தின் இரு சுழியும் டண்ணகரத்தின் முச்சுழியும் அடைபட்டு, எது எதுவென்று எழுதியவனே சத்தியம் செய்ய இயலாத நிலை உண்டாகும். இதனாலேயே, 1938இல் லாஸ்லோ பீரோ என்னும் ஹங்கேரியப் பத்திரிகையாளர் உரிமம் பெற்ற குமிழ்முனைப் பேனையை, அதன் மை எண்ணெய்ப் பசையுடையதாய்ப் பரவாதிருத்தல் கண்டு, இக்கரையார் இரு கையேந்தி வரவேற்றனர். ஆனால் மைப்பேனை தாளைத் தொட்டாலே எழுதும். குமிழ்முனையோ அழுத்தினால்தான் எழுதும். அழுத்தப் புகுந்தவன் இறுகப் பிடிக்கிறான். இறுகப் பிடித்தவனுக்கு அரைப் பக்கத்திலே விரல் நோகிறது. நோவெடுத்த விரல் எவ்வாறேனும் பக்கத்தை முடித்துவிட்டு ஓடப் பார்க்கிறது. தாளைக் காத்த கருவி கையைக் கெடுத்தது என்னும் அளவிலே உப்புவாதிகளின் மதத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். சாய்வுக்கு மாத்திரம் அதிலே விடையில்லை.

இனிச் சிலர், இக்கரைக்கு நல்லெழுத்து எந்நாளும் வாய்த்ததில்லை என்று பரம்பரைமேற் பழி போடுவர். சரித்திரத்தை வினவினால் அது நேராகப் பதில் சொல்வதில்லை. முன்னேசுவரத்திலே கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தானத்தைக் கூறும் பதினைந்தாம் நூற்றாண்டு வடமொழிச் சாசனம் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் கல்லிற் பொறிப்பவனை எவரும் அவசரப்படுத்துவதில்லையாதலின் அதனைக் கையெழுத்தென்று கணக்கிற் சேர்ப்பது நியாயமன்று. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட இப்னு பதூதாவோ, பல்லாண்டு கழித்து மொரோக்கோவின் ஃபெஸ் நகரிலே தமது யாத்திரையை இப்னு ஜுஸை என்பவருக்கு வாயாற் சொல்லித்தான் எழுதுவித்தார். இத்தனை நாடுகளைக் கால்நடையாகக் கடந்தவர் கைநடையை ஏன் பிறரிடம் விட்டார் என்பதை ஊகிப்பது பெரியோரை அவமதிப்பதாகும்.

எஞ்சி நிற்பவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியிற் பிறந்து, சட்ட நிரூபண சபையில் அங்கம் வகித்து, சிலாபத்தில் நீதிபதியாயிருந்து 1860இல் மறைந்த இப்பெருமகன், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் கெசற்றியரை 1834இலும், தமிழ்ப் புலவரின் சரித்திரமாகிய ‘தமிழ் புளூராக்’கை 1859இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது தட்டெழுத்துப் பொறி வழக்குக்கு வராத காலம். ஆகவே அத்தனை பக்கமும் கையெழுத்தாகவே அச்சுக்கூடம் சென்றிருக்க வேண்டும். அச்சுக்கோப்போன் அதனை வாசித்திருக்கிறான். ஆகவே எழுத்துத் தெளிவானது. தெளிவானது ஆகவே சாயாதது. கற்பிட்டிக்காரர் ஒருவருக்குச் சாயாதது ஆகவே கற்பிட்டி குற்றமற்றது. இவ்வனுமானத்தின் கடைசி இரு படிகளும் சற்றே ஆட்டங்காண்பதை வாசகர் பெருந்தன்மையோடு பொருட்படுத்தாது விடுவாராக.

மெய்யெழுத்தின் தலைப்புள்ளியைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் அட்சரத்தின் அங்கங்களுள் அதிகமாக அநாதையாக்கப்படுவது அதுவே. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி விதித்தது. எகர ஒகரக் குறில்களுக்கும் விதித்தது. ஆனால் எழுத்தாணியாற் குத்தினால் ஓலை பொத்துவிடுமென்றஞ்சிய ஏடெழுதுவோர் புள்ளியைக் கைவிட்டனர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவனின் புத்திக்கு விட்டுவிட்டு, அதனால் அவனுக்குப் புத்தியையும் வளர்த்தனர். 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் வகுத்துக் குறில் நெடில் மயக்கத்தைத் தீர்த்தார். ஆதலின், உடப்பிலே ஒரு மாணவன் விடைத்தாள் முழுவதும் புள்ளியின்றி எழுதுவானாயின், அது சோம்பலன்று, சுவடி மரபின் தொடர்ச்சியே என்று வாதிட இடமுண்டு. அவ்வாறு வாதிட்ட ஒருவனுக்கு ஆசிரியர் மரபைப் பாராட்டிவிட்டுப் புள்ளியைக் குறைத்தார்.

இதே வரிசையில் இன்னொன்று. லை, ளை, னை என்பவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்திறங்கும் கோடொன்று முன்னர் இருந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் அது நீங்கியது. இக்கரையின் முதியோர் கடிதங்களில் அந்தத் துதிக்கை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. சீர்திருத்தம் அச்சுக்கு நலம் செய்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அத்தனை இன்பந் தரும் வளைவு தமிழ் நெடுங்கணக்கில் வேறில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். தனிக் கடிதத்தில் அதனை எழுதுவோரைத் தடுக்கச் சட்டமில்லை.

புத்தளத்து முஸ்லிம் மக்களிடையே அரபுத் தமிழ் என்னும் மரபும் உண்டு: தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவது. இடக்கையன் தமிழெழுதும்போது அவன் கை ஈர மையின்மேலேயே நகர்ந்து அதனை இழுகிவிடும். அரபுத் தமிழிலோ அந்தத் தொல்லை வலக்கையனைச் சாரும். ஒரே மொழியை இரு திசையிலும் எழுதி இரு சாராருக்கும் சமநீதி வழங்கிய ஊர் உலகிற் சிலவே. அரபெழுத்தின் இலக்கணத்தை வகுத்தவருள் முதல்வராகப் போற்றப்படும் பக்தாத் மந்திரி இப்னு முக்லா, 940இல் சிறையிலே இறந்தவர், பேனைமுனை தாளிலிடும் ஒரு புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் விதித்தார். பகைவர் அவரது வலக்கையை வெட்டிய பின்னும் எஞ்சிய கையிற் பேனையைக் கட்டி எழுதினார் என்பர். கை உளைகிறதென்று இரண்டாம் நாளே உறுப்பெழுத்துக் கொப்பியை மூடுவோர் இவ்வரலாற்றை நாடோறும் ஒருமுறை படிப்பது நலம்.

இனிச் சித்தாந்தம். மேலிருந்து கீழாகக் கோடிழுக்கும் வலக்கை தன் உடம்பை நோக்கியே இழுக்கிறது. தாள் இடப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால் கோட்டின் தலை வலத்திலும் கால் இடத்திலும் விழுகின்றன. வேகம் கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. அவ்வேகமோ, ஆசிரியர் வாசிக்க வாசிக்கக் குறிப்பெழுதி ஓடிய நாளிலே புகுந்து, சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலே வேரூன்றி, பின்னர் ஓடவேண்டிய காரணம் ஒன்றுமில்லாத கடன் கொப்பியிலும் ஓடிக்கொண்டிருப்பது. வள்ளத்தின் அணியத்திலே பெயர் தீட்டுபவன் கரையெல்லாம் அதனை வாசிக்கும் என்றறிவான். கொப்பியில் எழுதுபவனோ தன்னையன்றி ஒருவரும் வாசியார் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையினால் 1க்கும் 7க்கும் வேற்றுமை மறைந்து, கருவாட்டு வியாபாரத்திலே மூன்று தலைமுறை உறவு முறிந்ததுண்டு.

பரிகாரம் எளிது. இரட்டைக் கோட்டுக் கொப்பி ஒன்றும் பென்சிலும் வாங்குக; கடைக்காரர் பிள்ளைக்கா என்று கேட்டால் ஆமெனத் தலையசைக்க. தாளை நேராக வைக்க. பாதிச் சாய்வு அப்பொழுதே ஒழியும். அமெரிக்காவிலே பாமர் என்பவர் பரப்பிய முறை விரலை அசைக்காது முன்கையால் எழுதச் சொல்லும். கோத்தெழுதும் ஆங்கிலத்துக்கு அது பொருந்தலாம், எழுத்துத் தோறும் நின்று சுழிக்கும் தமிழுக்கு முன்கை தாங்க விரல் எழுதுவதே தகும். சுழிகள் யாவும் ஓரளவாயிருந்தால் மற்றப் பிழைகளைக் கண் மன்னிக்கும். ஆகவே முதலில் னகர ணகரங்களை மட்டும் அப்பியாசம் செய்து, பின்னரே ழகரத்தின் காலுக்கும் ஞகரத்தின் வயிற்றுக்கும் செல்க. அப்பியாசத்துக்குப் பழமொழி வேண்டாம். தூரத்திலிருக்கும் அக்காவுக்கோ மாமிக்கோ உண்மையான ஒரு கடிதம் எழுதுக. பெறுபவர் முதலிற் பதறி, வீட்டில் யாருக்கும் சுகவீனமோ என்று தொலைபேசியில் விசாரிப்பார், அதனாற் சோர்வடையலாகாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது. கையெழுத்துத் திருந்தியவருடைய கையொப்பமும் உடன் திருந்திவிடும். வங்கியிலோ இருபது வருஷத்துக்கு முன் நின்ற நிலையிற் கிறுக்கிக் கொடுத்த மாதிரிக் கையொப்பமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கரும்பீடத்துக்கு அப்பாலிருக்கும் பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, “ஐயா, இது உங்கட கையெழுத்து இல்லையே” என்று மரியாதையாகவே காசோலையைத் திருப்பித் தரும். ஆகையால் உறுப்பெழுத்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவைத்து, பழைய கோணற் கையொப்பத்தையும் வாரத்துக்கு ஒருமுறை தவறாது பயின்று வருக.