பென்குயினுக்கு ஐந்து மீற்றர்

பென்குயினுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஐந்து மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும். அது நடந்து வருகிற வழியில் நாம் நின்றால் விலக வேண்டியவர்கள் நாம்தான். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக்கூடாது. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலென்றால் ஒருவரும் இறங்க முடியாது. இறங்குமுன் சப்பாத்தைக் கழுவ வேண்டும். காற்சட்டை மடிப்பிலும் பையின் மூலையிலும் வெளியூர் விதை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துப்புரவாக்க வேண்டும். அந்தாட்டிக்காவுக்கு உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கு அந்தத் தொழில் நடத்துவோரே வகுத்துக்கொண்ட விதிகள் இவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பென்குயினாகப் பிறந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சுவீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் 1966இல் தொடங்கிவைத்த யாவாரம் இது. 2023–24 பருவத்தில் போனவர்கள் 1,20,000 பேருக்கு மேல். பத்து நாள் பயணத்துக்கு, ஓரளவு வசதியான அறையென்றால், பத்தாயிரம் டொலராவது வேண்டும். நம் இலங்கைக் காசில் ஏறத்தாழ முப்பது இலட்சம். இவர்களைச் சுற்றுலாப் பயணி என்றால் முகம் சுளிப்பார்கள். இவர்கள் போவது ‘எக்ஸ்பெடிஷன்’. ஸ்கொட்டும் அமுண்ட்சனும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன திசையில், வெந்நீர்த் தொட்டியோடு போகிறார்கள். சாயங்காலம் பனிமலை உருகுவதைப் பற்றி விரிவுரை. விரிவுரை முடிந்ததும் பனிக்கட்டி போட்டு விஸ்கி.

அந்த உருகலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பல்கள் கக்கும் கரித்தூள் வெண்பனியில் படிவதால் ஒரு பயணிக்கு ஏறத்தாழ 83 தொன் பனி கூடுதலாக உருகுகிறது என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உருகி முடிவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று போகிறார்கள், போவதால் உருகுகிறது, உருகுவதால் இன்னும் அவசரமாகப் போகிறார்கள். சாகக் கிடக்கிறவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க நஞ்சுப் போத்தலோடு போகிற உறவுக்காரர்கள்.

இதையெல்லாம் பாண்டிருப்புக் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன்.

“ஏன் தம்பி, கேக்காமக் கொள்ளாம இன்னொருத்தன்ர கரையில இறங்கினா நேவிக்காரன் பிடிக்க மாட்டானா?”

“அது ஒருத்தன்ர கரையும் இல்ல மாமா. ஏழு நாடு எனக்கு உனக்கு எண்டு நிண்டது. 1959இல ஒப்பந்தம் போட்டு அந்தக் கதையை அப்படியே வச்சிட்டாங்க.”

“அப்ப எங்கட பொடியனுகளை அங்க அனுப்பியிருக்கலாமே.”

ஏறுவதற்குக் கப்பல் வேண்டுமென்றால் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் துறைமுகமே இருக்கிறது. துறைமுக அமைச்சராயிருந்த அஷ்ரப் கனவு கண்டு, டென்மார்க் கடனில் கட்டி, 2013இல் மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்த ஒலுவில் துறைமுகம். அதன் வாயை மண் அடைத்தது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னையோடும் காணியோடும். கப்பல்தான் வரவில்லை. அதை விடுவோம்.

ஐந்து மீற்றர் என்றேனே, எங்களுக்கும் ஒரு மீற்றர்க் கணக்கு இருந்தது. 2004 டிசம்பர் 26இல் பாண்டிருப்பையும் மருதமுனையையும் கல்முனையையும் கடல் வாரிக்கொண்டு போன பிறகு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். உயிரைக் காப்பாற்றத்தானாம். அதே மாவட்டத்தின் அறுகம்பேயில் அதே கடல் ஓரமாக உல்லாச விடுதிகளுக்கு வரைபடம் விரிந்தது. சுனாமிக்கு வெள்ளைக்காரன் யார், கரைவலைக்காரன் யார் என்று ஆள் தெரியும்போலும். பென்குயினை விட்டு மனிதன் ஐந்து மீற்றர் விலக வேண்டும். கடலை விட்டு மீனவன் 200 மீற்றர் விலக வேண்டியிருந்தது. எல்லாம் பாதுகாப்புத்தான்.

பெரியவர் சொன்ன பொடியன்களும் தொலைதூரத் தீவுகளுக்குப் போகாமல் இல்லை. கிழக்குக் கரையிலிருந்தும் வள்ளம் ஏறினார்கள், தாலிக்கொடியை அடகு வைத்தும் காணி உறுதியைக் கொடுத்தும். 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து ஆறாயிரம் பேருக்கு மேல் படகில் அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். இறங்கியது பெரும்பாலும் கிறிஸ்மஸ் தீவிலும் கொக்கோஸ் தீவிலும். இரண்டும் இன்று உல்லாசப் பயணிகள் தேடிப் போகிற தீவுகள். கிறிஸ்மஸ் தீவின் பெருமை சிவப்பு நண்டு. மழை தொடங்கியதும் கோடிக்கணக்கில் காட்டைவிட்டுக் கடலுக்கு நடக்கும். வாகனத்தில் நசுங்காமலிருக்க வீதியை மூடுவார்கள்; நண்டு கடக்கவென்று தனியாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதே தீவில் கடல் கடந்து வந்த மனிதனுக்குக் கட்டியது தடுப்பு முகாம். நண்டுமேல் எனக்குக் கோபமில்லை. அது குடும்பத்தோடு இடம்பெயர்கிறது, ஒருவரும் அதனிடம் காரணம் கேட்பதில்லை. கொடுத்துவைத்த பிறவி.

வராதே என்று சொல்லவும் அவுஸ்திரேலியா செலவைப் பார்க்கவில்லை. சுவரொட்டி அடித்தது. இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகு கொடுத்தது. உச்சமாக ராசிபலனும் எழுதியது: எந்த ராசிக்காரன் படகேறினாலும் கெடுபலன்தானாம். பன்னிரண்டு ராசிக்கும் ஒரே பலன் சொன்ன சோதிடரை நம்மூரில் கல்லால் அடித்திருப்பார்கள். அதே நாட்டின் ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து தென்துருவப் பக்கம் கப்பல் போகிறது. அதற்குப் போகிறவனின் ராசியை ஒருவரும் பார்ப்பதில்லை.

இலவசக் கப்பல் பயணமும் நம்மவர்க்குக் கிடைத்ததுண்டு. 2014இல் இந்தியாவிலிருந்து புறப்பட்ட 157 தமிழரை நடுக்கடலில் பிடித்து, ஓஷன் ப்ரொடெக்டர் என்ற அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தார்கள். சன்னலில்லாத அறை. உல்லாசக் கப்பலிலும் சன்னலில்லாத அறை உண்டு, மலிவு விலையில். ஆனால் அதன் கதவு உள்ளிருந்து திறக்கும். பிறகு அவர்களை நவூருத் தீவுக்கு அனுப்பினார்கள். கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி சரியே என்று 2015இல் அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றம் சொன்னது, நாலுக்கு மூன்று என்ற கணக்கில்.

எல்லாவற்றையும் மிஞ்சியது டியேகோ கார்சியா. 2021 ஒக்டோபரில், கனடாவுக்கென்று புறப்பட்ட 89 பேரின் படகு இந்து சமுத்திர நடுவில் தத்தளித்தது. பெரும்பாலும் இலங்கைத் தமிழர், குழந்தைகளும் இருந்தார்கள். கொண்டுபோய் இறக்கிய இடம் பிரித்தானியாவின் தீவு, அமெரிக்காவின் படைத்தளம். அத்தீவில் முன்பு மனிதர்கள் இருந்தார்கள். தென்னிந்தியக் கூலிகளின் வழிவந்தவர்களும் அவர்களில் உண்டு. தளம் கட்ட வேண்டுமென்று 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் மக்கள் அத்தனை பேரையும் அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். ஆட்கள் போனபின் 2010இல் சுற்றியுள்ள கடலைப் பெரும் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். மீன் பிடித்தால் கைது. இலங்கைப் படகுகள் பல அகப்பட்டன. உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரனுக்கு மட்டும், அனுமதிச்சீட்டு எடுத்து வெளித்தீவுகளில் நங்கூரம் போட்டுக் கிடக்க வழி வைத்திருந்தார்கள்.

அந்தச் சொர்க்கத்தில் நம்மவர்க்குக் கிடைத்தது கூடாரம். சுற்றிலும் வேலி, காவல், எலி. மூன்று ஆண்டு. உயிரை மாய்க்க முயன்றவர்களை வைத்தியத்துக்கென்று அனுப்பியது எங்கே தெரியுமா? ருவாண்டாவுக்கு. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். அதே மாதம் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்: தடுத்து வைத்தது சட்டவிரோதம்; பெயரளவில் மட்டுமே அது சிறையில்லை. படகில் வந்தவர்களைத்தானே ‘சட்டவிரோதம்’ என்று இத்தனை காலம் எழுதினார்கள்? அந்தச் சொல் கடைசியில் வீட்டுக்காரனிடமே போய்ச் சேர்ந்தது. எந்தப் பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது?

துருவத்துக்குப் போகிறவர்களின் கப்பலும் கவிழாமலில்லை. 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் அந்தாட்டிக் கடலில் பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரையும் பக்கத்துக் கப்பல் காப்பாற்றியது, சிலி நாட்டுத் தளம் ஏற்றது, விமானம் வீட்டுக்கு அனுப்பியது. ஏன் இந்த ஆபத்தான பயணம், யார் தூண்டினார்கள், முகவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவர்களைத் தடுத்து வைத்து விசாரித்த நாடில்லை. அதுதான் மனிதாபிமானம், நான் மறுக்கவில்லை. 2022 நவம்பரில் இலங்கையர் 303 பேருடன் தத்தளித்த லேடி ஆர் 3 படகை ஜப்பானியக் கப்பலொன்று காப்பாற்றி வியட்நாமில் சேர்த்தது. மனிதாபிமானம் அந்தக் கப்பலோடு முடிந்தது. திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றதும் ஒருவர் உயிரை விட்டார். பலரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கடல் ஒன்று. ஆபத்தும் ஒன்று. வெந்நீர்த் தொட்டியோடு போகிறவனுக்குத் துணிச்சல் என்று பெயர். ஒரு கான் தண்ணீரோடும் ஒரு கைக்குழந்தையோடும் போகிறவளுக்குக் குற்றம் என்று பெயர். நண்டுக்குப் பாலமும் பென்குயினுக்கு முன்னுரிமையும் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதனை எப்படி நடத்துவது என்று தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள்.

இதற்கிடையில் அடுத்த தீவும் தயாராகிவிட்டது. இனிமேல் டியேகோ கார்சியாவுக்குப் படகில் வருகிறவர்களைத் தெற்கு அத்திலாந்திக்கிலுள்ள சென் ஹெலினாவுக்கு அனுப்ப 2024 ஒக்டோபரில் பிரித்தானியா ஏற்பாடு செய்தது. நெப்போலியனை 1815இல் கொண்டுபோய், 1821இல் சாகும்வரை வைத்திருந்த தீவு. உல்லாசக் கப்பல்கள் அங்கேயும் நிற்கின்றன.