லண்டன் கடிதம்: முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும்

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலத்தில் பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது டியூஷன் வாத்தியார்கள் சொல்லும் வி-த்ரீ, பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் நிற்கும், பின்னாலும் நிற்கும். தமிழில் இந்த வம்பே இல்லை. 'நேற்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் எவனோ தள்ளிக்கொண்டு போன சைக்கிள்' என்று எத்தனை சொல் சேர்ந்தாலும் பெயரெச்சத்துக்கு இடம் முன்னால்தான்.

ஆங்கிலத்தில் தனிச்சொல் என்றால் பெரும்பாலும் முன்னால் வரும்: 'ஸ்டோலன் பைக்'. எப்போது, எங்கே, யாரால் என்று வால் முளைத்துவிட்டால் வாலோடு பின்னால் போய்விடும்: 'தி பைக் ஸ்டோலன் பை எ நெய்பர்'. 'ஸ்டோலன் பை எ நெய்பர் பைக்' என்று தமிழ் வரிசையில் புகார் கொடுத்தால், போலீஸ்காரர் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் தேடுவார். எதற்கு என்பது அவருக்கே விளங்காது.

ஆளைக் கவிழ்ப்பவை, வாலே இல்லாமல் பின்னால் நிற்கிற சில சொற்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தில் 'பேரண்ட்ஸ் கன்சர்ன்ட்' என்றிருந்தால் சம்பந்தப்பட்ட பெற்றோர், அதாவது கண்ணாடியை உடைத்த பையனின் அப்பா அம்மா. 'கன்சர்ன்ட் பேரண்ட்ஸ்' என்றால் கவலைப்படும் பெற்றோர். கண்ணாடியின் விலை தெரிந்ததும் முதல் கூட்டம் இரண்டாவதிலும் சேர்ந்துவிடும். 'யூஸ்டு கார்' என்பது செகண்ட்ஹேண்ட் வண்டி. போலீஸ் அறிக்கையில் வரும் 'தி கார் யூஸ்டு' கொள்ளைக்காரர்கள் ஏறிப்போனது. அது ஷோரூம் வாசனை போகாத புதுக் காராகவும் இருக்கலாம். 'இன்வால்வ்ட்' பின்னால் வந்தால் தொடர்புடைய, முன்னால் வந்தால் சிக்கலான. இங்கே விசா விதிகளுக்கு எழுதப்படும் விளக்கங்கள் எல்லாம் இரண்டாவது ரகம்.

செயப்படுபொருள் குன்றிய வினைகளில் இன்னொரு குறும்பு. உதிர்ந்த இலை 'ஃபாலன் லீஃப்' ஆகும்; வந்த விருந்தாளி 'அரைவ்ட் கெஸ்ட்' ஆகமாட்டார். முன்னால் 'நியூலி' சேர்த்தால் சரியாகிவிடும்.

1667-இல் வெளியான மில்டனின் காவியத்துக்குப் பெயர் 'பாரடைஸ் லாஸ்ட்'. லத்தீன் வாடை வீசும் வரிசை அது. 'லாஸ்ட் பாரடைஸ்' என்று திருப்பிப் போட்டால் சொர்க்கம் பறிபோன கதை மறைந்து, காணாமற்போன பொருள்களின் அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

'சம்திங்', 'எனிதிங்' ஆகியவற்றுக்கு எப்போதும் பின்னால்தான்: 'சம்திங் ஃப்ரைடு'. இலக்கணம் சரி என்பதற்காக எனக்கு அனுப்பும் பார்சலின் படிவத்தில் அப்படி எழுத வேண்டாம். முறுக்கு, இத்தனை கிராம் என்றே எழுதும்படி அம்மாவிடம் சொல்லவும்.

அன்புடன்,
அண்ணன்